சாக்கர்ஸ் என்றால் சாக்லேட் இல்லை

மெல்போர்னில் ஒரு காய்கறிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். மேற்பார்வையாளர் குளிர் அறையைக் கைகாட்டி, "சாக்கர்ஸ், மேட்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதோ சாக்லேட் பெட்டியை எடுத்துவரச் சொல்கிறார் போல என்று கதவைத் திறந்தேன். கால் வைக்க இடமில்லை. வாசல்வரை ப்ரோக்கோலிப் பெட்டிகள். அவர் சொன்னதும் அதைத்தான்: நிறைந்துவிட்டது, இனி ஒன்றும் கொண்டுவராதே.

குளச்சலில் எங்களுக்கு எல்லாமே 'ஃபுல்'தான். பஸ் ஃபுல், வயிறு ஃபுல், டேங்க் ஃபுல். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். வயிறு நிறைந்தால் 'ஸ்டஃப்ட்' என்பார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெட்டி சுமந்து களைத்தவரும் அதே 'ஸ்டஃப்ட்'தான். சரி, அது அவர்கள் பாடு.

'சாக்கர்ஸ்' என்பது 'சாக்-அ-பிளாக்' என்பதன் ஆஸ்திரேலியச் சுருக்கம். கடைத்தெரு, கார் நிறுத்துமிடம், அலமாரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'சாக்-அ-பிளாக்' கப்பல்காரர்களின் பேச்சு, 1840-இலேயே அச்சேறிவிட்டது. பிளாக் என்றால் கப்பி. கயிற்றை இழுக்க இழுக்க மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் நெருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த நிலைக்குத்தான் அந்தப் பெயர்.

விசைப்படகில் தொழிலுக்குப் போகும் சித்தப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள், "ரெண்டு கப்பியும் மூக்கோட மூக்கு முட்டியாச்சுன்னா, பின்ன எங்க மக்கா இழுக்கியது?" என்றார். அகராதி இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பிரிட்டன் கடற்படையில் இதே 'சாக்கர்' சலித்துப்போனவனையும் குறித்தது என்றதும், "அது செரிதான், பொறுமைக்கும் ஒரு அளவு உண்டுல்லா" என்று சிரித்தார்.

போன விடுமுறையில் நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் குளச்சல் பஸ் ஏறினோம். படிக்கட்டிலேயே ஆள் தொங்குகிறது. மெல்போர்னில் பிறந்த என் மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இட்ஸ் சாக்கர்ஸ்" என்றான்.

கண்டக்டர் அவன் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். "உள்ள எடம் கெடக்குல்லா! தள்ளிப் போ மக்கா, இன்னும் பத்துப் பேரு ஏறணும்."