பங்கேற்பாளர் 7: பிரிட்டோரியாவிலிருந்து ஓர் இந்தியா–பாகிஸ்தான் ஆய்வு

பிரிட்டோரியாவில் இருந்துகொண்டு இந்தியா–பாகிஸ்தான் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றதும், மதுரைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அதை ஏன்டா அங்க போய்ப் பண்றே?" பாதிக் காரணம் சாதாரணமானது. மனைவிக்கு இங்கே வேலை கிடைத்தது, நானும் வந்தேன். மீதிக் காரணம் கீழே வரும். தேர்வாளர் அறிக்கைகளும் வந்து எல்லாம் முடிந்துவிட்டதால், நடந்ததை எழுதி வைக்கிறேன். இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு, முக்கியமாக எத்திக்ஸ் (ஆய்வு நெறிமுறை) ஒப்புதலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்குப் பயன்படலாம்.

என் தலைப்பு ட்ராக் டூ. அரசுகள் முகம் கொடுத்துப் பேசாத காலத்திலும் இரு நாடுகளின் ஓய்வுபெற்ற தூதர்கள், தளபதிகள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள் ஏதாவது மூன்றாவது ஊரில் கூடிப் பேசுவார்களே, அது. ஜோசப் மான்ட்வில் என்ற அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி 1981ல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர்தான் புதிது. பங்காளிகள் கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருக்கும்போதே, இரண்டு வீட்டிலும் கை நனைக்கக்கூடிய ஒரு பெரியப்பா நடுவில் போய்வருவார் இல்லையா? அவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. ஆனால் யார் எதுவரை இறங்கி வருவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

1991ல் ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையில் தொடங்கிய சந்திப்பு அந்தக் கோட்டையின் பெயராலேயே அறியப்படுகிறது. 2009ல் சாவோபிரயா உரையாடல் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தை ஒட்டி இன்னொன்று. கொழும்பிலிருந்து இயங்கிய ஓர் ஆய்வு மையம் தெற்காசிய இளம் ஆய்வாளர்களை ஒரே அறையில் உட்கார வைத்துப் பயிலரங்குகள் நடத்தியது. கூடும் ஊர்களைக் கவனித்தால் பெரும்பாலும் பாங்காக், கொழும்பு, துபாய், காத்மாண்டு என்றே வரும். இரண்டு தரப்புக்கும் விசா கிடைக்கிற ஊர், அவ்வளவுதான் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் இஸ்லாமாபாத் போய் ஆள் பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

தென்னாப்பிரிக்கா ஏன் என்பதற்கு வருகிறேன். என் நெறியாளர் ஒரு ஆஃப்ரிகானர், அதாவது டச்சு வம்சாவளி வெள்ளையர். முதல் சந்திப்பிலேயே அவர் எடுத்தது மெல்ஸ் பார்க் கதையை. 1987 முதல் 1990 வரை, இங்கிலாந்தில் பாத் நகருக்கு அருகே ஒரு தங்கச்சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமான மாளிகையில், ஆஃப்ரிகானர் பேராசிரியர்களும், நிறவெறி அரசு தடை செய்திருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தபோ எம்பெக்கி, அசீஸ் பஹத் போன்றவர்களும் ரகசியமாகச் சந்தித்தார்கள். பேராசிரியர் வில்லி எஸ்டர்ஹெய்ஸ அங்கே பேசியதைத் தன் நாட்டு உளவுத் துறைக்குத் தெரிவித்துவந்தார். தெரிவிக்கிறேன் என்பதை எம்பெக்கியிடம் சொல்லவும் சொன்னார். துரோகம் மாதிரி ஒலிக்கும் இதுதான் அந்தப் பேச்சின் பலமே. பேசுகிற இரண்டு பேருக்கும் செய்தி உரிய இடத்துக்குப் போகிறது என்று தெரியும்.

இன்னொன்று, பிரிட்டோரியாவிலிருந்து ஹார்ட்டபீஸ்பூர்ட் அணைக்குப் போகிற வழியில்தான் பெலிண்டாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அணுகுண்டைத் தானே செய்து, பிறகு தானே முழுவதும் கலைத்த ஒரே நாடு இது. ஆறு குண்டுகள் இருந்தன என்று 1993 மார்ச்சில் அன்றைய அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் சொன்னார். நான் பேட்டி கண்டவர்களில் பலர், இந்தியர் பாகிஸ்தானியர் இருவருமே, என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தது இதைப் பற்றித்தான். பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு.

சரி, எத்திக்ஸ் படிவத்துக்கு வருவோம்.

இங்கே மனிதர்களைப் பேட்டி காணும் எந்த ஆய்வும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவைத் தாண்டியாக வேண்டும். இடைவேளையில் பார்க்கிற ஆய்வு மாணவர்கள் நலம் விசாரிப்பதே "எத்திக்ஸ் நம்பர் வந்துடுச்சா?" என்றுதான். அதோடு போப்பியா என்று அழைக்கப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு 2021 ஜூலையிலிருந்து கறாராக அமலாகியிருக்கிறது. படிவம் பெரும்பாலும் மருத்துவமனை, பள்ளிக்கூடம், கிராமம் போன்ற இடங்களை மனதில் வைத்துச் செய்தது. எனக்கு மூன்று இடத்தில் முட்டியது.

ஒன்று, ஆய்வு நடக்கும் நிறுவனத்தின் அனுமதிக் கடிதம். பாங்காக் ஓட்டலில் கூடும் ஓய்வுபெற்றவர்களுக்கு நிறுவனம் ஏது? கூட்டத்தை நடத்துபவர்களிடம் கேட்டால், கடிதம் கொடுத்தால் வந்தவர் பட்டியலையே கொடுத்த மாதிரி ஆகும் என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். ஒவ்வொருவரையும் தனிநபராக, அவரவர் சொந்தப் பொறுப்பில் பேசுபவராகவே அணுகுகிறேன் என்று நெறியாளர் எழுதிக்கொடுத்த விளக்கத்தைக் குழு ஏற்றுக்கொண்டது.

அடுத்தது கையெழுத்து. பங்கேற்க சம்மதம் என்று கையெழுத்திட்ட தாள்தான் பங்கேற்பாளருக்குப் பாதுகாப்பு என்பது படிவத்தின் நம்பிக்கை. என் ஆட்களுக்கு அந்தத் தாள்தான் ஆபத்தே. இது குழுவுக்குப் புரிய நேரம் எடுத்தது. கடைசியில் வாய்மொழிச் சம்மதம் போதும், தேதியையும் குறியீட்டு எண்ணையும் மட்டும் நான் குறித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இந்த மாதிரி ஆய்வு செய்பவர்கள் முதல் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். விதிகளில் இடமிருக்கிறது, கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துத் தருவதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. இந்த ஆய்வால் யாருக்கு என்ன பாதிப்பு வரலாம் என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம். அதை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் 2012 சியாச்சின் விவகாரத்தை ஒழுங்காகப் படித்தேன். அந்த ஏப்ரலில் சியாச்சினுக்கு அருகே கயாரியில் பனிச்சரிவில் பாகிஸ்தான் முகாம் புதைந்து 140 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் லாகூரில் கூடிய இரு நாட்டு ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகள், 1984லிருந்து படைகள் நிற்கும் அந்தப் பனிமலையை எப்படிப் படிப்படியாகக் காலி செய்யலாம் என்று ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டார்கள். இந்தியாவில் அதற்குக் கிடைத்த வரவேற்பு வசவுதான். வாழ்நாளெல்லாம் சீருடை போட்டவர்களை நாட்டை விற்றவர்கள் என்ற அளவுக்குப் பேசினார்கள். யார் எழுதச் சொன்னது, யார் பணம் என்றெல்லாம் கேள்வி. அவர்கள் எழுதியது ஒரு யோசனை, அவ்வளவுதான். இதையெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் சுருக்கி எழுதினேன். என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயமே அந்தக் கட்டத்திலிருந்து வளர்ந்தது. ஆய்வு முன்மொழிவில் நான் எழுதியிருந்த பெரிய பெரிய கோட்பாட்டுக் கேள்விகளைவிட, 'யாருக்கு அடிபடும்' என்ற இந்தக் கேள்விதான் ட்ராக் டூ எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டியது.

இந்தக் கூட்டங்களில் சாத்தம் ஹவுஸ் விதி உண்டு. 1927ல் லண்டனில் பிறந்தது. கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பு என்று வெளியிடக்கூடாது. கேட்க எளிது. ஆனால் இது சின்ன உலகம். 'கடற்படையில் இருந்தவர், பாங்காக் கூட்டங்களுக்குப் போனவர்' என்று எழுதினாலே உள்ளே இருப்பவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் எந்தப் படை, எந்த ஊர், எந்தக் கூட்டம் எல்லாவற்றையும் அழித்து 'பங்கேற்பாளர் 7' என்ற அளவில் நிறுத்தினேன். படிக்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும், வேறு வழியில்லை.

ஆள் பிடிப்பது எப்படி? மின்னஞ்சலுக்குப் பதில் வராது. ஒருவர் பேசி, திருப்திப்பட்டு, அடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டால்தான் கதவு திறக்கும். எனக்கு முதல் கதவைத் திறந்தவர் சென்னையில் இருக்கும் ஒரு முன்னாள் தூதர். நான் ஆங்கிலத்தில் முறையாக ஆரம்பித்ததும் அவர் இடைமறித்து, "தம்பி, அந்த ரெக்கார்டரை அணைச்சிட்டு வாங்க, நிதானமா பேசலாம்" என்றார். "இல்ல சார், போடவே இல்ல" என்றேன். அதன் பிறகு யாரிடமும் பதிவு செய்ய அனுமதியே கேட்கவில்லை. நோட்டுப் புத்தகம்தான்.

நான் ஹிந்தி தெரியாத தமிழன். டெல்லிக்காரரும் லாகூர்க்காரரும் பஞ்சாபியில் ஜோக் அடித்து, பிரிவினைக்கு முன் தாத்தா இருந்த தெருவைப் பற்றிப் பேசி நெருங்குகிற அந்த வட்டத்துக்குள் எனக்கு இடமில்லை. முதலில் இதைக் குறையாக நினைத்தேன். பிறகு பார்த்தால் பாகிஸ்தான் தரப்பில் சிலர் என்னிடம் சற்றுத் தாராளமாகவே பேசினார்கள், மதராஸிக்கு இதில் வயிற்றெரிச்சல் குறைவு என்ற எண்ணம் போல. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த உரையாடல்கள் பெரும்பாலும் டெல்லி–இஸ்லாமாபாத் ஆங்கிலம் பேசும் வட்டம், அதுவும் வயதான வட்டம். எல்லையில் குண்டு விழும் கிராமத்து ஆளோ, ராமேஸ்வரம்–யாழ்ப்பாணக் கடலில் மாட்டிக்கொள்கிற மீனவர் போல குஜராத், கராச்சி கடலில் பிடிபடும் மீனவரோ அந்த மேசைக்கு வருவதில்லை. இதை ஆய்வில் கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன்.

பேட்டிகள் பெரும்பாலும் 2023ல் ஜூமில். இங்கே அப்போது லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தது, பல நாட்கள் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான நிலை. கராச்சி எங்களுக்கு மூன்று மணி நேரம் முந்தி, டெல்லி மூன்றரை. அந்த அரை மணியையும் கரண்ட் இருக்கும் நேரத்தையும் ஒத்துப்போக வைப்பதே தனி வேலை. இன்வெர்ட்டர் வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

2025 ஏப்ரல் 22, காஷ்மீரில் பஹல்காம் தாக்குதல். மறுநாளே இந்தியா 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, விசாக்கள் ரத்தாயின. மே 7 முதல் 10 வரை சண்டை. 10ஆம் தேதி இந்திய நேரப்படி பிற்பகல் 3:35க்குப் பாகிஸ்தான் இராணுவ நடவடிக்கைத் தலைவர் இந்தியத் தரப்பை அழைத்துப் பேசி, 5 மணிக்கு நிறுத்த முடிவானது. நான் அப்போது கடைசி வரைவில் இருந்தேன். ஓரிரு நாளில் பங்கேற்பாளர் ஒருவரிடமிருந்து செய்தி: என் பகுதியை எடுத்துவிடு. காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சம்மத விளக்கத்தில் நானே எழுதியிருந்தேன். ஓர் அத்தியாயத்தின் முதுகெலும்பு அவர்தான். மற்றவர்களை வைத்து ஒட்டுப்போட முடியுமா என்று பார்த்தேன், அவர் சொன்னதன் வாசனை வந்துகொண்டே இருந்தது. நெறியாளரிடம் கேட்டபோது, அத்தியாயத்தையே சுருக்கிவிடு என்றார். சுருக்கினேன். நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்து அழித்ததைக் குழுவுக்கும் எழுதித் தெரிவித்தேன்.

இங்கே பல பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு கிடையாது. வெளித் தேர்வாளர்கள் எழுத்தில் அறிக்கை அனுப்புவார்கள். ஒருவர் மெல்ஸ் பார்க் ஒப்பீட்டையே கேள்வி கேட்டார்: அது ஒரு நாட்டுக்குள் நடந்தது, அங்கே அரசே வெளியேறும் வழி தேடிக்கொண்டிருந்தது, இங்கே இரண்டு அரசுகளுக்கும் அப்படி அவசரம் எதுவும் இல்லையே? அவர் சொன்னது சரி. ஒப்பீட்டை ஒரு பத்தியாகக் குறைத்தேன். இன்னொருவர், இந்தப் பேச்சுகளால் எந்த ஒப்பந்தம் வந்தது, ஆதாரம் காட்டு என்றார். 1988 டிசம்பர் 31ல் கையெழுத்தான அணு நிலையத் தாக்குதல் தடை ஒப்பந்தப்படி 1992லிருந்து ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் பட்டியல் பரிமாறிக்கொள்கிறார்கள், 2019ல் பாலகோட் விமானத் தாக்குதல் நடந்த அடுத்த ஜனவரியிலும் பரிமாறினார்கள். அது அரசுகளின் வேலை. 2000களில் இந்தியாவின் சதீந்தர் லாம்பாவும் பாகிஸ்தானின் தாரிக் அசீஸும் நடத்தியது அரசு அனுப்பிய ரகசியத் தூது, அதையும் ட்ராக் டூ கணக்கில் சேர்க்க முடியாது. நான் காட்ட முடிந்ததெல்லாம், எதிர்த்தரப்பு எப்படி யோசிக்கிறது என்ற அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் இடம் இது என்பதுதான். அதற்கு மேல் உரிமை கோரும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.

அதே தேர்வாளர், பங்கேற்பாளர்களின் முன்னாள் பதவி, கலந்துகொண்ட கூட்டங்கள் அடங்கிய அட்டவணை ஒன்றைப் பின்னிணைப்பாகச் சேர்க்கவும் கேட்டிருந்தார். அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஏன் செய்ய முடியாது என்று நெறியாளர் எழுதிய விளக்கத்தோடு எத்திக்ஸ் கடிதத்தின் நகலையும் வைத்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வேடு இப்போது நூலகத்தில் இருக்கிறது, நாங்களே கேட்டு வாங்கிய தடைக்காலம் முடியும்வரை யாருக்கும் திறக்காது.