மலைக்குளிரில் கிடார் சுருதி சேர்ப்பது

சுருதி ஞானம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எந்தக் கம்பி ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்பது பழகாத காதுக்குப் பிடிபடாது, சரி. ஆனால் சேராத இரண்டு கம்பிகளை ஒன்றாக மீட்டினால் 'வாவ்... வாவ்...' என்று எழும் அலைவு யாருக்கும் கேட்கும். ஒன்று 110 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 110 அதிர்வு), மற்றது 108 என்றால் நொடிக்கு 2 அலைவு. நெருங்க நெருங்க அலைவு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விடிகாலையில் கிடாரை எடுத்தவுடன், கம்பியை முறுக்கும் திருகான கீயில் கை வைக்காதீர்கள். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கி சுருதி ஏறியிருக்கும். வாசிக்க வாசிக்க விரல் சூட்டில் தானே இறங்கிவிடும். கால் மணி நேரம் அறையில் வைத்து, கொஞ்சம் வாசித்த பிறகு ஆரம்பியுங்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மரம் விரிசல் விடும்.

தடித்த ஆறாவது கம்பியை மட்டும், சுருதியைக் காட்டும் டியூனர் பார்த்து 'ஈ' என்ற ஸ்வரத்தில், அதாவது 82.4 ஹெர்ட்ஸில், நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது போனில் இருக்கும் டியூனர் ஆப் குழம்பும். கிடாரின் தலையில் கவ்வும் கிளிப் டியூனர் அதிர்வை நேரடியாகப் படிப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, ஆறாவது கம்பியை 5-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில் ஐந்தாவது) அழுத்தினால் 'ஏ' ஸ்வரம் வரும். எங்கும் அழுத்தாத, திறந்த ஐந்தாவது கம்பி அதோடு சேர வேண்டும். ஐந்தாவதை முதலில் நன்றாகவே தளர்த்திவிடுங்கள். கம்பி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று அலைவு சொல்லாது. கீழே இருப்பது நிச்சயம் என்றால் ஏற்றினால் மட்டும் போதும். கீயின் பல்சக்கர ஆட்டமும் இதில் சரியாகிவிடும். இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்கும்போது இன்னும் இறங்கும். இடது விரலை எடுக்காமல், வலது கையால் இரண்டையும் மீட்டி, ஒலி அடங்குவதற்குள் அதே கையால் திருகுங்கள். விரலை ரொம்ப அழுத்தினால் சுருதி ஏறி ஏமாற்றும். அலைவு நின்ற இடத்தைத் தாண்டிவிட்டால் மறுபடி தளர்த்தித்தான் வர வேண்டும்.

மற்ற கம்பிகளும் இப்படியே, சேர்ந்த கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டிலிருந்து அடுத்தது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைச் சேர்க்க மட்டும் 4-ஆம் ஃப்ரெட். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

திருகும்போது 'டிக்' என்று சுருதி எகிறினால், கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் வழுக்கிப் போகும். ஆறும் முடிந்ததும் இன்னொரு சுற்று பாருங்கள். ஒன்றை முறுக்கினால் மற்றவை லேசாக இறங்கும்.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஈ மேஜர் கார்டில் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) மூன்றாவது கம்பி கொஞ்சம் உறுத்தும். அது ஃப்ரெட் வாத்தியத்தின் குணம். அங்கே இனிக்க வேண்டும் என்று அதை இறக்கினால், ஜி கார்டு கெட்டுப்போகும்.