பின்னால் ஒரு அடாப்டர்

“சார், பின்னாடி ஒரு அடாப்டரை மறைச்சு வெச்சிடுங்களேன். குழந்தைங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

ஷோரூம் பொறுப்பாளர் கெட்ட எண்ணத்தில் இதைக் கேட்கவில்லை. சோலார் பேனலோடு ஒரு குடை ராட்டினம் வேண்டும், குழந்தைகள் தொட்டு விளையாட வேண்டும், நின்றுபோய்க் கிடக்கக் கூடாது. அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். “அவங்க தெரிஞ்சுக்கத்தானே சார் இதையே வெக்கிறோம்” என்று பதில் சொல்லியாயிற்று. ராட்டினமும் அடாப்டர் இல்லாமலேயே சுற்றுகிறது. ஆனாலும் அந்தப் பதில் முழுக்கச் சரிதானா என்ற கேள்வி இன்னும் விடவில்லை.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சிவெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நல்ல விளக்கு போட்ட ஷோரூமில் மேஜை உயரத்தில் லக்ஸ் மீட்டரை வைத்தால் 500 காட்டும், தாராளமாக விளக்கு போட்டிருந்தால் 1000. கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு இரண்டும் ‘வெளிச்சம்’தான். பேனலுக்கு அப்படி இல்லை. அதிலும் எல்இடி ஒளியில் அகச்சிவப்புக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. வெயிலில் பேனலில் இருக்கும் சிலிக்கன் செல் வாங்கிக்கொள்ளும் ஆற்றலில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியிலிருந்துதான் வருகிறது. ஆகவே லக்ஸ் கணக்கு சொல்வதைவிட நிலைமை மோசம்.

இங்கேதான் பலர் மல்டிமீட்டரை நம்பிக் கெடுகிறார்கள். 36 செல் உள்ள 12 வோல்ட் பேனலைக் கடைக்குள் பிடித்து வோல்டேஜ் பார்த்தால் பத்துக்கு மேல் தாராளமாகக் காட்டும். ‘வேலை செய்யுதே’ என்று மோட்டாரை இணைத்தால் அது முனகக்கூட முனகாது. வெளிச்சம் குறையும்போது வோல்டேஜ் மெதுவாகத்தான் இறங்கும். கரண்ட் வெளிச்சத்தோடு நேர் விகிதத்தில் விழும். உள்ளே வைக்கப்போகும் பேனலில் பார்க்க வேண்டியது ஷார்ட் சர்க்யூட் கரண்ட். மீட்டரை ஆம்பியரில் வைத்து, இரண்டு முனைகளையும் நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். அந்த எண்தான் உண்மை பேசும்.

அதனால் கடையில் கிடைக்கும் 10 வாட், 12 வோல்ட் பேனல் இந்த வேலைக்குப் பொருந்தாது. செல்கள் எத்தனை என்பது வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. ஒரு செல்லின் பரப்பு கரண்டைத் தீர்மானிக்கிறது. சின்ன மோட்டாருக்கு வேண்டியது 1 முதல் 2 வோல்ட், அதோடு போதுமான கரண்ட். 156 மில்லிமீட்டர் சதுரச் செல் நான்கை மட்டும் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, கோத்தால் முழு வெயிலில் ஏறத்தாழ 2 வோல்ட், 8 ஆம்பியர். நான்கையும் இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் 33 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் அளவுதான், விரல் பட்டாலே நொறுங்கும். ஆகவே டெம்பர்ட் கண்ணாடிக்குக் கீழே லேமினேட் செய்து வாங்குவதே ஒரே வழி. செல்லைத் தனியாக வாங்கி அக்ரிலிக்குக்கு அடியில் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஒரு பிள்ளை முழங்கையை ஊன்றினால் போதும், விரிசல் விழுந்துவிடும்.

மோட்டாரும் சாதாரண பொம்மை மோட்டாராக இருக்கக் கூடாது. அது கிளம்பவே நூறு மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும். சோலார் மோட்டார் என்றே விற்பவை இருபது முப்பது மில்லிஆம்பியரில் அசைய ஆரம்பிக்கும். ஷோரூம் வெளிச்சத்தில் இந்த நான்கு செல்கள் தருவது பதினைந்து மில்லிஆம்பியர் அளவு, அதாவது அந்த மோட்டாருக்கும் கொஞ்சம் பற்றாது.

ஆகவே விளக்கு வைக்க வேண்டியதாயிற்று. 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட், பேனலுக்கு 40 சென்டிமீட்டர் மேலே, கீழ்நோக்கி, பிள்ளைகளின் கண்ணில் படாதபடி மூடாக்கு போட்டு. அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 10,000 லக்ஸ் கிடைக்கும். செல்லிலிருந்து சுமார் 300 மில்லிஆம்பியர் வரும். விளக்கை 80 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். நான்கு செல்லுக்கும் நேர் நடுவில் விளக்கு இருக்க வேண்டும். சீரிஸில் இருப்பதால் எந்தச் செல்லில் வெளிச்சம் குறைவோ அதுதான் மொத்தக் கரண்டுக்கும் எல்லை போடும். ஹாலஜன் விளக்கு சிலிக்கனுக்கு இன்னும் தோதானது, ஆனால் அதன் சூடு குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு ஆகாது. போதாததற்கு பேனலையும் சூடாக்கி வோல்டேஜைக் குறைக்கும்.

ராட்டினத்தின் பேரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஸ்கேட்டிங் சக்கரத்துக்குப் போடும் 608 பேரிங்கை அப்படியே மாட்டினால் உள்ளே இருக்கும் கிரீஸே ராட்டினத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பேரிங்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கிரீஸைக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். மோட்டாரிலிருந்து தட்டுக்குப் பல்சக்கரம் வேண்டாம், ரப்பர் வளையப் பெல்ட் போடுங்கள். குழந்தை ராட்டினத்தைப் பிடித்து நிறுத்தத்தான் செய்யும். அப்போது பெல்ட் வழுக்கிக்கொள்ளும். மோட்டாரும் பிழைக்கும், பல்லும் உடையாது. தட்டுக்கும் மேடைக்கும் இடையிலான சந்து 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 12-க்கு மேலே போய்விட வேண்டும். இடைப்பட்ட அளவுதான் பிஞ்சு விரலைக் கவ்வும். பொம்மைப் பாதுகாப்புத் தரங்களும் இந்த இரண்டு அளவுகளைத்தான் சொல்கின்றன.

விளக்கு வந்ததும் பொறுப்பாளர் இரண்டாவது கேள்வியைப் போட்டார்: “சார், கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்ற பொம்மைக்கு ஐம்பது வாட் விளக்கா?” நியாயமான கேள்வி. 50 வாட் போட்டு பேனலிலிருந்து எடுக்க முடிவதே அரை வாட் அளவுதான். இதற்காகத்தான் பட்டன் வைத்தோம்: அழுத்தினால் டைமர் ரிலே 40 வினாடி விளக்கை எரியவிட்டு அணைத்துவிடும். ஒரு அழுத்தலுக்கு 2000 ஜூல். அவர் சொன்ன அடாப்டர் 2 வாட் எடுத்தால், பத்து மணி நேரத்துக்கு 72,000 ஜூல். அதாவது 36 முறை பட்டன் அழுத்தினால் அடாப்டரின் ஒரு முழுநாள் செலவு ஆகிவிடும். பிள்ளைகள் நிறைந்த நாளில் 36 என்பது எந்த மூலைக்கு? கணக்கில் ஜெயித்தவர் அவர்தான்.

இருந்தும் அடாப்டர் வேண்டாம் என்று சொன்னதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. ஒரு குழந்தை விளையாட்டாக நான்கு செல்லில் ஒன்றை இரண்டு கையாலும் முழுக்க மூடுகிறது. மற்ற மூன்றும் பளிச்சென்று வெளிச்சத்தில் இருந்தாலும் ராட்டினம் தளர்ந்து நின்றுவிடுகிறது. கையை எடுத்தால் மறுபடி கிளம்புகிறது. அந்தப் பிள்ளை கையைப் பார்க்கிறது, ராட்டினத்தைப் பார்க்கிறது, மறுபடி வைத்துப் பார்க்கிறது. வெளிச்சம்தான் இதைச் சுற்றுகிறது என்பதை யாரும் சொல்லாமலே அது கண்டுபிடித்துவிட்டது. அடாப்டர் இருந்தால் கை வைத்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது நேர் எதிரான பாடமாகிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954 ஏப்ரல் 25 அன்று நடைமுறைக்கு உதவும் சிலிக்கன் சோலார் செல்லை முதன்முதலில் உலகுக்குக் காட்டியபோது அதைக்கொண்டு ஓட்டிய பொருள்களில் ஒன்று சின்ன பொம்மை ராட்டினம். ஒளியை மின்சாரமாக மாற்றும் அதன் திறன் அப்போது 6 சதவீதம்தான். அந்த ஆறு சதவீதம் அசல் என்பதால்தான் அந்த ராட்டினத்துக்கு மதிப்பு.

இவ்வளவும் சொல்லித்தான் அடாப்டர் பேச்சு முடிந்தது. கடைசியாக அவர் சாதாரணமாகக் கேட்ட ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது: “சரி சார், இந்த விளக்குக்கும் வெயிலுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு பிள்ளை கேட்டா?”

“வெயில்ல இன்னும் அதிகமா வரும்” என்பது அப்போதைக்குச் சொன்ன பதில். பொய் இல்லை. ஆனால் அந்த ராட்டினம் அதைக் காட்டாது. மேஜையை அப்படியே முற்றத்து வெயிலில் வைத்தாலும் ராட்டினம் கொஞ்சம்தான் வேகம் கூடும். காரணம் முன்பு சொன்னதேதான்: மோட்டாரின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது, விளக்குக்கும் வெயிலுக்கும் இடையே வோல்டேஜ் அதிகம் மாறுவதில்லை. மாறுவது கரண்ட், 300 மில்லிஆம்பியரிலிருந்து 8 ஆம்பியருக்கு. அந்த மோட்டாரோ நூறுக்குள் குடித்துவிட்டு மிச்சத்தைத் தொடுவதே இல்லை. ஆக, எதையும் ஒளித்து வைக்காமல் கட்டிய ராட்டினம், 50 வாட் விளக்கும் சூரியனும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அடாப்டரைப் பற்றி அத்தனை வாதாடியவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வது? கை நிழல் காட்டும் உண்மையே போதும் என்று சில நேரம் படுகிறது. சூரியனையே சிறிதாக்கிக் காட்டுகிற பொம்மைக்கு எதற்கு சோலார் என்ற பெயர் என்றும் படுகிறது.

இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு ராட்டினத்துக்குப் பதில் அதே மோட்டாரில் சின்னக் காற்றாடிகள் பன்னிரண்டு, எல்லாம் பேரலலில் (ஒவ்வொன்றும் பேனலோடு தனித்தனியாக இணைந்து), ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச். விளக்கில் ஒன்று ஓடும், இரண்டு ஓடும், மூன்றாவதைப் போட்டதும் எல்லாம் சோர ஆரம்பிக்கும், நான்கைந்தில் நன்றாகவே தளர்ந்துவிடும். மேஜைக்குச் சக்கரம் மாட்டி வெயிலுக்குத் தள்ளினால் பன்னிரண்டும் சளைக்காமல் சுற்றும். வெளியே வைப்பதற்கு ஸ்விட்சுகளுக்கு ரப்பர் உறை வேண்டும். பேனல் வயர் 8 ஆம்பியர் தாங்க 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும், மடங்கும் இடத்தில் ஒற்றைக் கம்பி போடாமல் பலஇழை வயராகப் போட வேண்டும். படத்தோடு இதைப் பொறுப்பாளரிடம் காட்டியபோது அவருக்கும் பிடித்திருந்தது. தினமும் யார் வெளியே தள்ளிக்கொண்டு போவது, மழை வந்தால் யார் உள்ளே இழுப்பது என்று கேட்டார். அதற்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை.