குதிகால் காய்ப்பும் காலஸ் ரிமூவரும்: எவ்வளவு தேய்க்கலாம், எங்கே நிறுத்தலாம்

பாதத்தில் காய்த்த தோலைத் தேய்த்து எடுக்கும், ரோலர் சுழலும் காலஸ் ரிமூவர் மெஷினை வாங்கியதும் பலர் செய்கிற முதல் காரியம், காலை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுவிட்டு மெஷினை ஓடவிடுவது. கல்லில் தேய்த்துப் பழகிய கை அப்படித்தான் செய்யும். துவைக்கிற கல்லிலோ பியூமிஸ் கல்லிலோ தேய்க்க, ஊறிய கால்தான் சரி. ரோலருக்கு அது ஆகாது. தண்ணீரில் உப்பி வெளுத்த தோல் அரைபடாது, ரோலருக்கு அடியில் நசுங்கித் திரளும். அந்தத் திரள் ரோலரின் சொரசொரப்பில் அப்பி, சற்று நேரத்தில் அது வழவழப்பாகிவிடும். அதைவிடப் பெரிய தொந்தரவு, ஊறிய காலில் காய்த்த தோலும் நல்ல தோலும் ஒரே மாதிரி வெளுத்து நிற்பது. எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அன்றைக்குக் கால் பூப்போல இருக்கும். மறுநாள் காலையில் தரையில் ஊன்றினால் எரியும்.

ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒரு மணி நேரமாவது காயவிட்ட காலில்தான் மெஷினை வைக்க வேண்டும். முந்தின இரவு தடவிய கிரீமோ எண்ணெயோ மிச்சம் இருக்கக் கூடாது. தண்ணீர் பட்டாலும் கெடாது என்று போட்டிருக்கும் மாடல்களுக்கும் இதுதான். அது மெஷினைப் பற்றிய உத்தரவாதம், காலைப் பற்றியது அல்ல.

எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்கு முன், அந்தத் தோல் ஏன் தடித்தது என்று பார்த்துவிடலாம். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். மற்ற இடத்துத் தோலுக்குக் கிடைக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசை இங்கே இல்லை. அழுத்தமும் உராய்வும் தொடர்ந்து படுகிற இடத்தில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தோலைத் தடிப்பாக்குகிறது. நிற்கும்போது குதிகாலின் அடிக்கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கும். பின்பக்கம் மூடிய ஷூ அதைப் பிடித்து நிறுத்தும், திறந்த செருப்பு நிறுத்தாது. வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்கும்போதும் பிடிமானம் இல்லை. குதிகாலின் ஓரம் காய்ந்து இறுகியிருந்தால் அந்தப் பிதுக்கத்துக்கு ஈடுகொடுத்து நீளாது, பிளந்துவிடும். அதுதான் பித்தவெடிப்பு. மார்கழி, தை மாதங்களில் காற்றில் ஈரம் குறையும்போது பிளவு ஆழமாகும்.

அப்படியானால் மெஷினின் வேலை, அந்த இறுகிய ஓரத்தை வளைந்து கொடுக்கும் அளவுக்கு மெலிதாக்குவது மட்டும். குழந்தையின் பாதம் மாதிரி ஆக்குவது அல்ல. விளம்பரப் படங்கள்தான் அந்த ஆசையைக் கிளப்புகின்றன. செருப்பும் தரையும் மாறாதவரை, முழுக்க எடுத்துவிட்ட இடத்தில் உடம்பு மறுபடியும் தடிப்பை வளர்க்கத்தான் போகிறது. இடையில் பட்ட எரிச்சல்தான் மிச்சம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த மெஷினைத் தொடவே வேண்டாம். இதில் சமரசத்துக்கு இடமில்லை. சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்திருந்தால் சூடும் தெரியாது, வெட்டும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னச் சிராய்ப்பு புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் சிதைவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் படுகிற காயங்களே என்று காட்டினார். சர்க்கரையால் மரத்த பாதத்துக்கும் அது அப்படியே பொருந்தும். அதற்காகக் காய்ப்பை அப்படியே விட்டுவிடவும் கூடாது. தடித்த காய்ப்பு அடியில் இருக்கும் சதையை அழுத்தி, மேலே தெரியாமலே உள்ளே புண்ணை உண்டாக்கும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாக ரத்தத் திட்டு தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கான பாதச் சிகிச்சைப் பிரிவில் காய்ப்பைச் சீவிவிடுவார்கள். பாதத்தில் அழுத்தம் குறைக்கும் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பும் அங்கே அளவெடுத்துத் தருவார்கள், அல்லது எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். காலில் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும், வேறு காரணத்தால் பாதம் மரத்தவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இன்னொரு ஏமாற்று வேலை பூஞ்சைத் தொற்று. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் எல்லோருக்கும் தெரியும். அதே பூஞ்சை உள்ளங்கால் முழுக்கப் பரவினால் வெறும் வறட்சி போலவே இருக்கும். கோடுகளுக்குள் மாவு படிந்தது மாதிரி செதில், ஒரு காலில் அதிகம், எத்தனை கிரீம் தடவினாலும் மாறாது, நகமும் மஞ்சளாகித் தடித்திருக்கும். இதைத் தேய்த்தால் தொற்றுள்ள தூள் ரோலரிலும் தரையிலும் படியும், அவ்வளவுதான். தோல் மருத்துவர் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார். எல்லை தெளிவாகத் தெரிகிற சிவந்த தடிப்பு, உள்ளங்கையிலும் அதே போல் இருந்தால், அது சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதையும் தேய்க்கக் கூடாது, உராய்வே அதைத் தூண்டிவிடும்.

இதெல்லாம் இல்லை என்று உறுதியானால், முதல் பத்து நாள் மெஷினை எடுக்காமல், தடித்த தோலை இளக்கும் யூரியா கிரீம் மட்டும் தடவிப் பாருங்கள். பலருக்கு மெஷினே தேவைப்படாமல் போகலாம். அதற்குப் பிறகும் ஓரம் கெட்டியாக நின்றால் தேய்க்கலாம்.

ஃபேனை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தூள் அறை முழுக்கப் பறக்கும். கீழே செய்தித்தாள், முகத்தில் மாஸ்க், நல்ல வெளிச்சம். கொலுசைக் கழற்றிவிடுங்கள். மெட்டியைக் கழற்ற மனமில்லையென்றால் ரோலரை விரல்கள் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். புடவைக் கரை, நைட்டியின் ஓரம், வேட்டி, அவிழ்த்துவிட்ட கூந்தல் எல்லாம் ரோலரில் சுற்றிக்கொள்ளும். காலில் மஞ்சள் பூசியிருந்தாலோ மருதாணிக் கறை இருந்தாலோ தோல் சிவப்பது தெரியாது, கறை மங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கண்ணால் பார்ப்பதைவிட முதலில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது நல்லது. எங்கே அழுத்தினால் உணர்வு மங்கலாக, அட்டையைத் தொட்டது போல இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை. ரோலர் சுழலத் தொடங்கிய பிறகு தோலில் வையுங்கள், வைத்துவிட்டு சுவிட்ச் போடாதீர்கள். மெஷினின் எடையே போதும், கை அழுத்தம் வேண்டாம். அழுத்தினால் பல மெஷின்கள் தானாக நின்றுவிடும். அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பெரும்பாலும் அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. ஒரே இடத்தில் 3 அல்லது 4 விநாடிக்கு மேல் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். சூடு தெரிந்தால் உடனே எடுத்துவிட்டு மறுகாலுக்குப் போங்கள். ஒரு குதிகாலுக்கு 2 அல்லது 3 நிமிடம் போதும்.

அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தூளைத் துடைத்து, மறுபடி கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தோல் வளைந்து கொடுத்து, தொடுகை தெளிவாகத் தெரியத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. தோலின் இயற்கையான ரேகைகள் அழியாமல் தெரிய வேண்டும். இளஞ்சிவப்பாகிவிட்டாலோ பளபளத்தாலோ நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சியிருக்கும்போதே நிறுத்துவதுதான் சரியான இடம். வருடக்கணக்கில் சேர்ந்த தடிப்பை ஒரே உட்காரலில் எடுக்க நினைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் தேவைப்பட்டால்.

வெடிப்பு இருக்கும் இடத்தில் ரோலர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பது முக்கியம். குதிகால் ஓரத்துப் பிளவுகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும். ரோலர் அதற்குக் குறுக்கே சுழன்றால் பிளவின் உதட்டைப் பிடித்து இழுத்து இன்னும் கிழிக்கும். பிளவின் நீளவாக்கிலேயே ரோலர் சுழலும்படி மெஷினைத் திருப்பிப் பிடித்து, இரண்டு பக்கத்து மேட்டையும் தனித்தனியாகத் தணிக்க வேண்டும். மேடு தணிந்தால் இழுவிசை குறைந்து பிளவு தானாகக் கூடும். உள்ளே சிவப்பு தெரிகிற, ரத்தம் கசிகிற, ஊன்றினால் வலிக்கிற பிளவு என்றால் மெஷின் வேண்டாம். கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை நிறையத் தடவி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, முதலில் அது ஆறட்டும். எலுமிச்சையும் கல் உப்பும் வைத்துத் தேய்ப்பது இந்த நிலையில் வெறும் சித்திரவதை. விளக்கெண்ணெய் பரவாயில்லை, ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. ஆனால் தடித்த தோலை இளக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

இளக்குவது யூரியா. கிரீம் டியூபின் பின்பக்கத்தில் சதவீதம் போட்டிருக்கும். 10 சதவீதம் தினசரிப் பராமரிப்புக்கு, 20 முதல் 25 சதவீதம் தடித்த குதிகாலுக்கு. 40 சதவீதம் மருத்துவர் சொன்னால் மட்டும். லாக்டிக் ஆசிடும் சேர்ந்த கிரீம்களும் நல்லவையே. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் தூளைத் துடைத்து, காய்ந்ததும் ஒரு குதிகாலுக்குச் சுண்டைக்காய் அளவு எடுத்துத் தடவுங்கள். எரிந்தால் கழுவிவிட்டு அன்றிரவு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். ஒரு மெல்லிய பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் பலன் கூடும், போர்வையும் கறைபடாது. சாக்ஸோடும் கிரீமோடும் டைல்ஸில் நடந்தால் வழுக்கும், வீட்டுப் பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள். விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள், அந்த ஈரமே சேற்றுப்புண்ணுக்கு அழைப்பு.

மருந்துக் கடையில் "வெடிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட்" என்று கேட்டால் சில நேரம் கைக்கு வருவது குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ சாலிசிலிக் ஆசிடோடு கலந்த டியூப். முதல் இரண்டும் ஸ்டீராய்டு. பூஞ்சை இருந்தால் அதை மறைத்து வளரவிடும். தேய்த்த தோலில் சாலிசிலிக் ஆசிடும் அன்றைக்கு ஆகாது.

மெஷின் உதவாத மூன்று இடங்கள் உண்டு. சப்பணமிட்டு உட்காருகிறவர்களுக்குக் கணுக்காலின் வெளிமேட்டில் கருத்துத் தடிக்கும். அங்கே தோலுக்கு அடியில் உடனே எலும்பு, ரோலருக்கு வேலையில்லை. கிரீமும், தரையில் ஒரு பாயோ மெத்தையோ போடுவதும்தான் வழி. கால் ஆணியின் நடுவில் கூம்பாக ஒரு கெட்டி இறங்கியிருக்கும். ரோலர் மேல்பகுதியைத்தான் எடுக்கும், அழுத்துகிற செருப்பு மாறாமல் அது போகாது. பாத மரு பார்க்க ஆணி போலவே இருக்கும். ஆனால் தோல் ரேகைகள் அதன் மேல் ஓடாமல் விலகிப் போகும், கரும்புள்ளிகள் தெரியும், இரண்டு பக்கமும் கிள்ளினால் வலிக்கும். அது வைரஸ். தேய்த்தால் பரவும்.

ரோலர் ஆளுக்கு ஒன்று. கணவன் மனைவிக்கும் தனித்தனிதான். ஒவ்வொரு முறையும் ரோலரைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, சர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள். பாத்ரூமில் வைக்க வேண்டாம். பென்சில் செல்லில் ஓடும் மாடலில் சார்ஜ் செய்கிற செல் போட்டால் கொஞ்சம் மெதுவாகச் சுழலும், ஒரு செல் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தருவதால். பழக்கமில்லாதவர்களுக்கு அது நல்லதே. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் செல்களை வெளியே எடுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். விரலால் தொட்டால் ரோலர் வழவழவென்று இருந்தாலோ, அழுத்தினால்தான் தூள் வருகிறது என்றாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. மலிவான மாற்று ரோலர் மாட்டும்போது கையால் ஆட்டிப் பாருங்கள். அச்சில் ஆடினால் ஓடும்போது ஒரு பக்கம் மட்டும் கடித்துக் குதிகாலில் வரிவரியாகக் கோடு போடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். செட்டோடு பிளேடு வைத்த சீவும் கருவி ஒன்றும் வந்திருந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.