6400-ஆம் எண்ணில் ஓர் எழுத்து

எழுத்துரு நோண்டுவது என் பொழுதுபோக்கு. இப்போது கையில் இருப்பது கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் புழங்கும் லிம்பு எழுத்து. 2003-இல், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடின் 4.0 பதிப்பில், இதற்கு இடம் கிடைத்தது. லிம்புவுக்கான முதல் இடமான 6400-இல் (வழக்கமான பதின்ம எண்ணில் சொல்கிறேன், ஹெக்ஸ் என்ற பதினாறடிமான எண் பழகியவர்கள் மன்னிக்கவும்) இருப்பது மெய்யும் அல்ல, உயிரும் அல்ல. உயிர்க்குறியைத் தாங்கும் ஒரு சுமைதாங்கி!

லிம்புவில் இ, உ என்று தனி உயிரெழுத்துகள் கிடையாது. இந்த எழுத்தைப் போட்டு, அதற்கு மேலோ கீழோ குறியைச் சேர்த்தால் உயிர் வந்துவிடும். தனியே நின்றால் ஏறக்குறைய 'ஒ'. இதை விட்டுவிட்டுக் குறியை மட்டும் தட்டினால், திரையில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்து முழிக்கும். தாங்க ஆளில்லை என்று அர்த்தம்.

அப்புறம் பட்டியலில் ஒரு வேடிக்கை. ஹ எழுத்து 6428-இல் முடிகிறது, உயிர்க்குறிகள் 6432-இல் தொடங்குகின்றன. நடுவில் மூன்று காலியிடங்கள். 2014-இல், 7.0 பதிப்பில், 'க்யான்', 'த்ர' என்ற இரண்டு எழுத்துகள் அங்கே குடிவந்தன. எழுத்துருவை உருவாக்கியவர் இந்த இரண்டையும் சேர்க்காவிட்டால் வெறும் கட்டம்தான் தெரியும். 6431 இன்னும் காலி.