ஏற்றத்தில் மட்டும் எரிந்த செக் எஞ்சின் லைட்

என்னுடையது 2017 மாடல் டீசல் பிக்கப், பிஎஸ்4 புகை விதிப்படி வந்த வண்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு உர மூட்டை ஏற்றிப் போகும், இறங்கும்போது கேரட்டும் பீட்ரூட்டும் மண்டிக்குக் கொண்டுவரும். போன மழைக்காலத்தில் மீட்டர் போர்டில் செக் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்தது. எரிந்த கையோடு இழுவையும் போய்விடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் ஏறும். ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் இழுவை திரும்பிவிடும், விளக்கு மட்டும் அப்படியே நிற்கும்.

பட்டறையில் ஸ்கேனர் போட்டு எர்ரரை அழித்துக் கொடுத்தார்கள். அடுத்த லோடில் மறுபடி வந்தது. புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கரி சுரண்டினார்கள், டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். மறுபடி வந்தது. கடைசியில் மெக்கானிக், "டர்போ போச்சுங்ணா, மாத்திரலாம்" என்றார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போ. அதன் விலையைக் கேட்டதும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ப்ளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் சொருகினால் போன் ஆப்பில் எல்லாம் தெரியும். வந்த எர்ரர் பி0299. டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் எஞ்சினுக்கு வரவில்லை என்று அர்த்தம். டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அழுத்தம் உருவாகாமலும் இருக்கலாம், உருவானது வழியில் கசிந்தும் போயிருக்கலாம்.

இதைவிட உதவியது ஃப்ரீஸ் ஃப்ரேம். எர்ரர் விழுந்த அந்த நொடியில் வண்டி எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. என் வண்டியில் இருந்தது: ஆர்பிஎம் 2100, வேகம் 28, எஞ்சின் லோடு 96 சதவீதம், கூலன்ட் சூடு 88 டிகிரி. அதாவது நன்றாகச் சூடான எஞ்சின், முழு பாரம், ஏற்றம். எர்ரரை அழித்தால் இந்தக் குறிப்பும் சேர்ந்தே அழிந்துவிடும். பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் அழித்துவிடுகிறார்களே, எனக்கு அதில்தான் கோபம்.

அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல் காட்டியது, கோத்தகிரி மேலே போய்ப் பார்த்தால் 82. உயரத்துக்கு ஏற்றபடி சரியாகக் குறைகிறது. ஆக, சென்சாருக்குச் செலவில்லை. ஆனால் லோடோடு ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்த பையன் போனைப் பார்த்துச் சொன்ன எண் 140ஐத் தாண்டவே இல்லை. கூடவே ஒரு விசில் சத்தம், பின்னால் கரும்புகை.

இரண்டும் கசிவுக்கான அடையாளங்கள். ஐடிலில் டர்போ அழுத்தம் கொடுக்காது என்பதால் வண்டியை நிறுத்தி வைத்து சோப்புத் தண்ணீர் அடித்தால் ஒன்றும் தெரியாது. அதற்காக, டர்போவின் வாயில் பொருந்துகிற அளவில் பிவிசி எண்ட் கேப் ஒன்றை எடுத்து, ஓட்டை போட்டு டயர் வால்வைப் பொருத்தினேன். ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி அந்த இடத்தில் இதை மாட்டி, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 10 பிஎஸ்ஐ மட்டும் காற்று கொடுத்தோம். அதற்கு மேல் போனால் சீல்கள் தாங்காமல் போகலாம்.

உஸ்ஸென்று சத்தம் கீழிருந்து வந்தது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கீழ் கிளாம்பை ஒட்டி, எஞ்சினைப் பார்த்த பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, கண்ணாடி வைத்துத்தான் பார்த்தோம். சுற்றிலும் ஆயில் ஈரத்தில் செம்மண் அப்பியிருந்தது. லோடில் எஞ்சின் மவுண்டில் சாயும்போது அந்த வெடிப்பு வாய் திறக்கிறது, வெறும் வண்டியில் மூடிக்கொள்கிறது. காலி வண்டியை பட்டறைக்காரர்கள் ரவுண்டு அடித்துப் பார்த்தபோதெல்லாம் சரியாக ஓடியதற்குக் காரணம் இதுதான்.

கோயம்புத்தூரில் ஹோஸும் இரண்டு புது கிளாம்பும் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தன. மாட்டிவிட்டு அதே மூட்டைகளோடு ஏறினோம், பையன் 205, 210 என்று படித்தான். எர்ரரை வேண்டுமென்றே அழிக்கவில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தென்படாவிட்டால் ஈசியுவே விளக்கை அணைத்துவிடும். அப்படியே அணைந்தது. அந்த எண்ட் கேப்பை வேறொரு வண்டிக்கு வேண்டுமென்று மெக்கானிக் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திரும்பி வரவில்லை.