துப்பல் ஊறுகிற இடம்

"துப்பல் ஊறுற இடமோ தம்பி? அப்ப பயப்பிட ஒண்டுமில்லை, என்ன?"

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி ஜெர்மனில் விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் மொழிபெயர்க்கப் போயிருந்த அந்த இலங்கை அம்மா என்னிடம் கேட்டது இது. அதற்கு நான் தலையாட்டினேனா, பேசாமல் இருந்தேனா என்று இப்போது சரியாக நினைவில்லை.

டாக்டர் சொன்ன சொல் 'பவுஹ்ஷ்பைஹெல்ட்ரூஸெ'. கணையம் என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. சரி, ஜெர்மன் சொல்லையே பிரித்துச் சொல்வோம் என்று நினைத்தேன்: பவுஹ் வயிறு, ஷ்பைஹெல் உமிழ்நீர், ட்ரூஸெ சுரப்பி. வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி.

ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அதில் கட்டி இருக்கிறது, சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் விடாமல் சொன்னேன். ஆனால் ஜெர்மன்காரர் காதில் அந்தச் சொல் துண்டுதுண்டாக விழுவதில்லை. எண்ணெய் என்னும்போது எள்ளையும் நெய்யையும் நாம் நினைக்கிறோமா? தேங்காய் எண்ணெய் என்றே சொல்கிறோம்.

அன்று இரவு அந்தச் சொல்லையே தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். பெயரிலும் குற்றமில்லை. அந்த உறுப்பின் திசு உமிழ்நீர்ச் சுரப்பியை ஒத்தது. அதன் நீரும் உமிழ்நீரைப் போல மாவுச்சத்தைச் செரிக்கிறது. 1642இல் இத்தாலியின் பதுவாவில் விர்சுங் என்ற உடற்கூறியலாளர் கண்டது அந்த நீர் வழியும் குழாயைத்தான். லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்த உறுப்புக்குள் தீவு தீவாகச் செல்களைக் கண்டது 1869இல். அவற்றிலிருந்து வரும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது 1921இல். பாதி வேலையைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. நானும் அதே பாதியைத்தான் அவரிடம் கொடுத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, இலங்கையில் அதைச் சதையி என்பார்களாம். 'பான்கிரியாஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'முழுக்கச் சதை' என்றுதான் பொருள். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்குமோ? புரியாமலும் போயிருக்கலாம்.

கூட்டாதே, குறைக்காதே என்பது மொழிபெயர்ப்பாளனின் விதி. நான் எதையும் கூட்டவில்லை என்று பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் 'பயப்பிட ஒண்டுமில்லை, என்ன?' என்ற கேள்வியை நான் டாக்டரிடம் சொல்லவே இல்லையே. தம்பி என்று கூப்பிட்டதால் அது எனக்கான கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். அது டாக்டருக்குப் போயிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து மகளுக்குப் போன் எடுத்தார். "துப்பல் சுரப்பியிலதானாம் பிள்ளை, நீ யோசியாதை."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.